விழுந்த மரமும் எழுந்த மனிதரும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை நோக்கி வடக்கே நீளும் நெடுஞ்சாலையில் செல்வோருள் பெரும்பாலோர் பெரம்பலூர் மண்ணை நின்று பார்ப்பதில்லை. காவிரிக் கரையின் பசுமையில் தோய்ந்த கண்களுக்கு இந்நிலம் வறண்டதாகவே தோன்றும். வானம் பார்த்த பூமி. மழை வந்தால் விளைச்சல், வராவிட்டால் கடன். மக்காச்சோளக் கொல்லைகளும் பருத்திக் காடுகளும் சின்ன வெங்காய வயல்களும் மாறி மாறி வரும். கிழக்கே அரியலூர்ப் பக்கம் திரும்பினாலோ, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளும், மரஞ்செடிகளின் மேல் படிந்த வெண்தூசியுமே முதலில் கண்ணிற்படும். "இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பயணிகள் கண்ணயர்ந்துவிடுவர்.

மனிதர்களைப் பார்த்தும் நாம் இப்படித்தான் கேட்கிறோம். தேர்வில் தவறிய மகன், வணிகத்தில் நொடித்த தம்பி, வெளிநாடு சென்று வெறுங்கையோடு திரும்பிய மருமகன், வாக்குக் கொடுத்துக் காக்க முடியாமற்போன நண்பன் ஆகியோரை ஒரு முறை பார்த்துவிட்டு, "இவனிடம் இனி என்ன இருக்கிறது?" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதனினும் கொடியது, அவர்களே தங்களைப் பார்த்து அவ்வாறு முடிவு கட்டிக்கொள்வது.

சென்ற கோடையில் நம் பங்கின் இளைஞர் சிலரை அழைத்துக்கொண்டு பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இரண்டு நாள் பயணம் மேற்கொண்டோம். அவர்களுள் கல்லூரித் தேர்வில் மூன்று தாள்கள் தவறியவன் ஒருவன். வேலை இழந்து ஓராண்டாக வீட்டிலிருப்பவன் மற்றொருவன். மேடையேறி அறிவுரை வழங்குவது நம் நோக்கமன்று. கல்லும் ஆறும் கோயிலும் பேசட்டும், நாமும் அவர்களோடு சேர்ந்து கேட்போம் என்றே புறப்பட்டோம். கேட்டவற்றுள் சிலவற்றை வாசகப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

சாத்தனூர்க் கல்மரம்

நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே பிரிந்து, சிற்றூர்கள் சிலவற்றைக் கடந்து சென்றால் சாத்தனூரை அடையலாம். ஊர்ப்புறத்தே ஓடையை ஒட்டிய நிலத்தில், வேலிக்குள் நீண்டு கிடக்கிறது ஒரு மரம். தொட்டால் கல், தட்டினால் கல்லின் ஓசை. ஆயினும் அடிமரத்தின் உருட்சியும், கிளை முளைத்த இடத்தின் வடுவும் தெளிவாகத் தெரிகின்றன. நீளம் 18 மீட்டருக்கும் மேல். அகவை ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என்பர் நிலவியல் அறிஞர். பூக்கும் தாவரங்கள் உலகில் பரவிப் பெருகுவதற்கு முன் வாழ்ந்த ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்தது இது. அக்காலத்தில் இன்றைய கடற்கரை இருக்கும் இடத்திற்கு வெகுதொலைவு மேற்கே, இங்குவரை கடல் இருந்தது. நிலத்தில் நின்ற மரம் விழுந்து, ஆற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, கடலடிச் சேற்றில் புதையுண்டது. நீரில் கரைந்திருந்த மணற்சத்து நாளடைவில் அதன் நார்களுக்குள் ஊறி, இழைக்கு இழை கல்லாக்கிற்று.

1940ஆம் ஆண்டில் இதனைக் கண்டு உலகிற்கு அறிவித்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். தஞ்சைத் தரணியில் தோன்றிய தமிழர். பின்னாளில் அத்துறையின் முதல் இந்தியத் தலைவராக உயர்ந்தவர். இன்று இம்மரம் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்று.

"இந்த மரம் விழாமலே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும், சாமி?" என்று இளைஞன் ஒருவன் கேட்டான்.

"நின்ற இடத்திலேயே பட்டு, மக்கி, மண்ணாகியிருக்கும்" என்றோம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். விழுவதே நன்மை என்று எவரும் கூறிவிடலாகாது. அதே ஆற்றில், அதே வெள்ளத்தில் விழுந்த பல்லாயிரம் மரங்கள் சுவடின்றி அழுகிப் போயின. இம்மரம் காக்கப்பட்டதற்குக் காரணம், விழுந்த இடத்தில் ஏதோ ஒன்று அதனை மூடி அணைத்துக்கொண்டது. பிறகு ஒருநாள், கல்லுக்குள் மரத்தைக் காணத் தெரிந்த கண் ஒன்று அவ்வழியே வந்தது. விழுந்தவருக்கும் இவ்விரண்டும் வேண்டும்: அணைத்துக்கொள்ளும் கை, அடையாளம் காணும் கண்.

கடல் விட்டுச் சென்ற செல்வம்

சாத்தனூரை அடுத்த காரை என்னும் ஊரின் அருகே, மழைநீர் அறுத்த மண்மேடுகள் செம்மையும் மஞ்சளும் வெண்மையுமாக அலையலையாய்க் கிடக்கின்றன. புல்லும் முளைக்காத நிலம். குனிந்து பார்ப்போர்க்கோ அது திறந்து வைத்த நூலகம். ஆட்டுக்கொம்புபோல் சுருண்ட கூடுடைய அம்மோனைட்டு என்னும் கடலுயிரின் பதிவுகளும், அம்பு முனைபோன்ற கற்களும், சிப்பிகளும் இவ்வட்டாரத்தில் மிகுதி. 1840களில் கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் இவற்றைத் திரட்டத் தொடங்கினர். பின்னர் பிளான்ஃபோர்டு இந்நிலத்தின் பாறை அடுக்குகளை ஆராய்ந்து 1862இல் அறிக்கை வெளியிட்டார். ஸ்டோலிக்ஸ்கா என்பார் இங்குக் கிடைத்த உயிர்ப்பதிவுகளை விரித்தெழுதினார். உலகெங்கும் நிலவியல் பயில்வோர்க்கு அரியலூர் என்னும் பெயர் அன்று முதல் அறிமுகம்.

2020ஆம் ஆண்டு அக்டோபரில், குன்னம் பகுதியில் மண்ணெடுத்தபோது உருண்டை உருண்டையாய்ச் சில கற்கள் வெளிப்பட்டன. டைனோசரின் முட்டைகள் என்று நாடெங்கும் செய்தி பரவிற்று. அறிஞர் வந்து நோக்கி, அவை கடலுயிர்ப் பதிவுகளைச் சுற்றித் திரண்ட உருண்டைகளே என்று விளக்கினர். கண்டவற்றின் மதிப்பு அதனால் குறையவில்லை. நாம் எதிர்பார்த்த வடிவில் செல்வம் இல்லையென்றால், செல்வமே இல்லை என்று பொருளன்று.

அக்கடலில் வாழ்ந்து மடிந்த எண்ணற்ற சிற்றுயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து இறுகியதே இன்றைய சுண்ணாம்புக்கல். அதனைக் களிமண்ணோடு பொடித்துக் கலந்து, ஏறத்தாழ 1,450 பாகை வெப்பமுள்ள சூளையில் சுட்டு, கிடைக்கும் கட்டியை ஜிப்சத்தோடு அரைத்தால் சிமெண்டு. 1979இல் தமிழக அரசின் சிமெண்டு ஆலை அரியலூரில் எழுந்தது. தனியார் ஆலைகள் பலவும் இவ்வட்டாரத்தில் உள்ளன. நம் வீட்டுக் கூரையிலும், பிள்ளைகள் பயிலும் பள்ளிச் சுவரிலும் அரியலூர்க் கடலின் ஒரு துளி இருக்கக்கூடும். தோண்டிய இடங்களில் ஆழ்ந்த பள்ளங்கள் எஞ்சுவதையும், தூசியால் மக்கள் படும் துன்பத்தையும் மறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. வளம் காண்பது எவ்வளவு தேவையோ, வளம் கொடுத்த மண்ணுக்கும் மக்களுக்கும் நீதி செய்வதும் அவ்வளவு தேவை.

மருதையாற்றின் கரையில்

பச்சைமலைப் பக்கம் பிறந்து, இவ்விரு மாவட்டங்களின் வழியே கொள்ளிடம் நோக்கிச் செல்வது மருதையாறு. நாம் சென்றபோது மணலும் முட்செடியுமாய்க் கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "இப்போது பார்த்தால் இப்படித்தான் இருக்கும், சாமி. ஐப்பசி கார்த்திகையில் இதை நம்ப முடியாது" என்றார்.

அந்தக் கார்த்திகை மாதத்தில்தான், 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்றுகொண்டிருந்த விரைவு வண்டி அரியலூரை அடுத்து இவ்வாற்றில் கவிழ்ந்தது. கனமழையில் பெருகிய வெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்தது. உறக்கத்திலிருந்த பயணிகள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுக்காகக் கரையில் நின்று இறைவேண்டல் செய்தோம்.

அந்நாளில் இரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் அருகே நேர்ந்த விபத்தின்போதே அவர் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூர் விபத்திற்குப்பின் மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார். இம்முறை நேரு அதனை ஏற்றார். விபத்திற்குச் சாஸ்திரி காரணமல்லர் என்பதையும், பொறுப்பேற்கும் மரபு நிலைபெற வேண்டும் என்பதையும் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். துணை அமைச்சராயிருந்த தமிழகத்தின் ஓ. வி. அழகேசனும் பதவி துறந்தார்.

பாலத்தை அமைச்சர் கட்டவில்லை. மழையை அவர் பொழிவிக்கவில்லை. இருந்தும் "என் பொறுப்பில் நடந்தது" என்று தலைகுனிந்தார். அத்தலைகுனிவோடு அவர் வாழ்வு முடிந்துவிடவில்லை. 1957 தேர்தலில் வென்று மீண்டும் அமைச்சரவைக்கு வந்தார். 1961இல் உள்துறை அமைச்சரானார். 1964 ஜூன் 9ஆம் நாள் நாட்டின் பிரதமராகப் பொறுப்பேற்றார். 1966 ஜனவரி 11ஆம் நாள் தாஷ்கண்டில் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். தோல்வியைப் பிறர் தலையில் ஏற்றித் தப்பித்தவரை மக்கள் மறந்துவிடுவர். அதைத் தம் தோளில் சுமந்தவரை நம்பி, பின்னொரு நாள் பெரும் பொறுப்பையும் ஒப்படைப்பர்.

நாள்களின் இணைவு ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரி முதல் நாளில் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002 மார்ச் இறுதியில் அது கலைக்கப்பட்டு மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. பிறகு 2007இல் மறுபடியும் உருவாக்கப்பட்டது. அந்த நாள் நவம்பர் 23. ஐம்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் துயரத்தின் நாளாய்ப் பொறிக்கப்பட்ட அதே தேதியில், ஒருமுறை கலைக்கப்பட்ட மாவட்டம் மீண்டும் எழுந்தது. தற்செயல் என்பர் சிலர், ஆகட்டும். கலைந்தது கூடாது என்று சட்டம் ஒன்றுமில்லை என்பதையேனும் அந்நாள் நினைவூட்டுகிறது.

ஏலாக்குறிச்சி

கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில், திருமானூரை அடுத்துள்ளது ஏலாக்குறிச்சி. அடைக்கல அன்னையின் திருத்தலம். வீரமாமுனிவர் இவ்வூருக்குச் சூட்டிய பெயர் திருக்காவலூர். அன்னையின் புகழ்பாடி அவர் இயற்றியது திருக்காவலூர்க் கலம்பகம்.

1680 நவம்பர் 8ஆம் நாள் இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனேயில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, முப்பதாம் வயதில் இந்தியக் கரையில் கால்வைத்தார். தமிழின் முதல் எழுத்தையும் அதன் பின்னரே முறையாகக் கற்கலானார். 1714, 1715ஆம் ஆண்டுகளில் மரண தண்டனையின் வாயிலைத் தொட்டு மீண்டார். அன்றே மனமுடைந்து ஊர் திரும்பியிருந்தால் அவரைக் குறைகூறுவார் எவருமிலர். திரும்பவில்லை. 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியையும், பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாய் அமைந்த சதுரகராதியையும், தொன்னூல் விளக்கத்தையும், சிறுவரும் சிரித்துப் படிக்கும் பரமார்த்த குரு கதையையும் தமிழுக்குத் தந்தார். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வரிவடிவில் வேறுபடுத்திக் காட்டியதும் அவரே. நம் இளைஞர் கைப்பேசியில் நாள்தோறும் தட்டும் எழுத்துக்களில் அவர் கைவண்ணம் உள்ளது. உபதேசியாரைப் பயிற்றுவிக்க அவர் பள்ளி நடத்திய ஊர் இதுவே. அரியலூரை ஆண்ட மழவராயரின் பிளவை நோயை முனிவர் இங்கே நீக்கினார் என்றும், அதற்கு நன்றியாக மன்னர் அன்னைக்கு நிலம் வழங்கினார் என்றும் மக்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர்.

அவர் தம் பெருங்காப்பியத்திற்குத் தலைவராகத் தேர்ந்தவர் யார்? சூசையப்பர். நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசாத மனிதர். நாசரேத்து ஊரின் தச்சர். பேரரசரையோ போர்வீரரையோ பாட்டுடைத் தலைவராக்கும் காப்பிய மரபில், சொல்லற்ற ஒரு தொழிலாளியிடம் மூவாயிரம் பாடல்களுக்கான பொருளைக் கண்டது முனிவரின் கண். இறைவனின் கண்ணும் அத்தகையதே.

கலிலேயக் கடற்கரையில் இரவெல்லாம் வலைவீசி ஒரு மீனும் பெறாத சீமோனை நினைத்துப் பாருங்கள். ஆண்டவர் அவரை முதன்முதல் சந்தித்தபோதே பாறை எனப் பெயரிட்டார். அன்று அவர் பாறையாக இல்லை. ஆற்று மணலைப்போல் நிலையற்றவராய் இருந்தார். நீர்மேல் நடக்கத் தொடங்கி மூழ்கப் பார்த்தார். பணிப்பெண் ஒருத்தியின் கேள்விக்கு அஞ்சி மும்முறை மறுதலித்தார். உயிர்த்த ஆண்டவர் மீண்டும் அதே கடற்கரையில் அவரைச் சந்தித்தபோது, "ஏன் மறுதலித்தாய்?" என்று கேட்கவில்லை. அன்பு உண்டா என்றே மும்முறை வினவினார். பின் தம் மந்தையை ஒப்படைத்தார். பெயரிட்ட நாளிலேயே, புனித இராயப்பரின் வீழ்ச்சிக்கு அப்பாலும் ஆண்டவர் பார்த்துவிட்டார்.

சோழபுரத்துச் சுவர்

இரண்டாம் நாள் கங்கைகொண்டசோழபுரம் சென்றோம். முதலாம் இராசேந்திரன் 1025ஐ ஒட்டி அமைத்த தலைநகரம். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் சோழப் பேரரசின் அரியணை இருந்த இடம். இன்று பெருங்கோயில் நிமிர்ந்து நிற்க, அதைச் சுற்றி ஒரு சிற்றூர். மாளிகைமேட்டில் அடித்தளச் செங்கற்களே எஞ்சியுள்ளன. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுப்பப்பட்டபோது, கோயிலின் மதிற்சுவர்க் கற்கள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. 2004ஆம் ஆண்டில் இக்கோயில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது.

இளைஞருக்கு இங்கே உண்மையொன்றைக் கூற வேண்டியிருந்தது. இழந்ததெல்லாம் இழந்த வடிவிலேயே திரும்பி வரும் என்று நாம் உறுதி கூற முடியாது. சோழர் தலைநகரம் திரும்ப வரவில்லை. மதிற்கற்களைப் பெயர்த்தது போற்றத்தக்க செயலுமன்று. ஆயினும் அக்கற்கள் அணையிலே அமர்ந்து, தலைமுறை தலைமுறையாக வயல்களுக்கு நீர் பாய்ச்ச உதவின. நாம் விரும்பிய படிப்பு கைகூடாமற் போகலாம். கட்டிய கடை திறக்கப்படாமலே போகலாம். அவற்றுக்கெனச் சேர்த்த உழைப்பும் பொறுமையும் பட்டறிவும் வேறோர் இடத்தில் அணைக்கல்லாக அமர முடியும். அதற்கு நாம் இடங்கொடுக்க வேண்டும்.

குழுமூர்

அரியலூர் மாவட்டத்தைப்பற்றி எழுதுகையில் குழுமூரைக் கடந்து செல்ல நம் மனம் ஒப்பவில்லை. சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரின் மகளாக அவ்வூரில் வளர்ந்த அனிதா, 2017ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்றார். மருத்துவராக வேண்டும் என்பது அவர் கனவு. அவ்வாண்டு முதல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் என்னும் வேறொரு நுழைவுத்தேர்வு தமிழகத்திற்கும் கட்டாயமாயிற்று. உச்சநீதிமன்றம் வரை சென்றும் வழி திறக்கவில்லை. செப்டம்பர் முதல் நாள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி தமிழகத்தை உலுக்கிற்று.

அவரைத் தோற்றவர் என்று கூற எவருக்கு உரிமை உண்டு? அவரிடம் ஆற்றல் குறைவாயிருந்ததா? அந்த ஆற்றலுக்கு உரிய வாயில் திறந்திருந்ததா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. 2020இல் அரசுப்பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அரங்கம் அனிதாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெயரைப் படிக்கும்போது பெருமையினும் துயரமே மிகுகிறது. அரங்கிற்குப் பெயராய் இருப்பதைவிட, அக்கல்லூரியின் நோயாளிகளிடையே அவர் மருத்துவராய் நடமாடியிருக்க வேண்டுமே என்று நெஞ்சு விம்முகிறது.

இத்தகைய இறப்பால் துயருறும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்களுக்கு ஒன்று கூறுவோம். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடும் வேதனையும் அச்சமும் மனநோயும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கின்றன என்று ஏற்கிறது. அவ்வாறு மறைந்தோரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும், அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் கற்பிக்கிறது. ஆகவே அக்குடும்பத்தாரை ஒதுக்காதீர்கள், அருகே அமருங்கள்.

பின்தங்கிய வட்டாரம் என்று நெடுங்காலம் பேசப்பட்ட இம்மண், 2023இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் பெரம்பலூரை மாநிலத்தின் முதலிடத்தில் நிறுத்திற்று. 2024இல் அதே இடத்தை அரியலூர் பெற்றது. 2025இல் பன்னிரண்டாம் வகுப்பில் 98.82 விழுக்காட்டோடு அரியலூரே முதன்மை. ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் நம் வணக்கம். எனினும் நம் கண் அந்த 98.82ஐத் தாண்டி எஞ்சிய 1.18 விழுக்காட்டின்மீதும் செல்ல வேண்டும். அந்தச் சிறு எண்ணுக்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை கதவை அடைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறது. நல்லாயன் தேடிச் சென்றதும் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு அந்த ஒன்றைத்தானே?

குழுமூரிலிருந்து திரும்பும் வழியில், மூன்று தாள்கள் தவறிய இளைஞன் நம் அருகே வந்து அமர்ந்தான். "அப்பா என்னோடு பேசி நாற்பது நாளாகிறது, சாமி" என்றான். வேறொன்றும் கூறவில்லை. தேர்வு முடிவு அவனைச் சாய்த்தது உண்மை. அந்த நாற்பது நாள் மௌனமே அவனை எழவிடாமல் அழுத்தியது. ஊர் திரும்பியதும் அவன் தந்தையைக் காணச் சென்றோம்.

பெற்றோரே, உற்றாரே, திருத்தூதர் பணிகள் நூலில் வரும் இளைஞர் மாற்கு உங்களுக்கு நினைவிருக்கிறாரா? புனித சின்னப்பரோடும் பர்னபாவோடும் மறைப்பணிக்குப் புறப்பட்டு, பாதிவழியில் விட்டுவிட்டு எருசலேம் திரும்பியவர். அடுத்த பயணத்திற்கு அவரை அழைத்துச் செல்லச் சின்னப்பர் மறுத்துவிட்டார். திருத்தூதரே நம்பிக்கையிழந்த இடத்தில் பர்னபா ஒருவர் மட்டும் நம்பினார். அதற்காகத் தம் ஆருயிர் நண்பரோடு பிணங்கிப் பிரியவும் துணிந்தார். மாற்கைத் தம்மோடு சைப்பிரசுக்கு அழைத்துச் சென்றார். ஆண்டுகள் பல கழிந்தபின், சிறையிலிருந்த சின்னப்பர் தீமொத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்கு தமக்குப் பயனுள்ளவர் என்று கூறி அவரை அழைத்துவரச் சொல்கிறார். இரண்டாம் நற்செய்தி நூல் அந்த மாற்கின் பெயரையே தாங்கியிருக்கிறது. பர்னபா என்னும் ஒருவர் இல்லையேல் மாற்கு என்னும் ஒருவரை நாம் அறிந்திருப்போமா?

ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு பர்னபா வேண்டும். தோற்றுத் திரும்பும் பிள்ளையிடம் முதலில் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள், மதிப்பெண்ணைப் பிறகு கேட்கலாம். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். துணைத்தேர்வு உண்டு, தொழிற்பயிற்சி உண்டு, வேறு படிப்பு உண்டு என்பதை நீங்களே விசாரித்து அறிந்து, அருகிருந்து எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளையின் பேச்சு குறைந்து, உணவும் உறக்கமும் கெட்டு, வாழ்வில் பற்றற்ற சொற்கள் வெளிப்படுமானால், கண்டித்துத் திருத்திவிடலாம் என்று காத்திராதீர்கள். உடனே மருத்துவரை நாடுங்கள். 104, 14416 என்னும் எண்களில் இலவசமாக அறிவுரை பெறலாம். மனத்தின் நோய்க்கு மருந்துண்பதில் இழிவு ஏதுமில்லை.

இளைஞரே, உங்களுக்கும் ஒரு சொல். தவறு உங்களுடையதாயின், சாஸ்திரியைப்போல் நிமிர்ந்து நின்று ஒப்புக்கொள்ளுங்கள். அதனால் நீங்கள் சிறுமைப்பட மாட்டீர்கள். தவறு உங்களுடையதன்று, வாயில்தான் அடைபட்டது என்றால், அந்தப் பழியை வீணே உங்கள்மேல் ஏற்றிக்கொள்ளாதீர்கள். எந்நிலையிலும் உங்களைப்பற்றிய இறுதித் தீர்ப்பை நீங்களே எழுதிவிடாதீர்கள். அது உங்கள் கையில் தரப்பட்ட வேலையன்று. படைத்தவர் கையில் இருப்பது.

பன்னிரண்டு கோடி ஆண்டுகள் சேற்றில் கிடந்த மரத்தை மறவாத இறைவன், பன்னிரண்டு மாதம் வேலையின்றி வீட்டிலிருக்கும் மகனை மறந்துவிடுவாரா? பெரம்பலூர், அரியலூர் வழியே செல்லும்போது ஒரு நாழிகை இறங்கி அம்மண்ணைப் பாருங்கள். கூடவே, உங்கள் வீட்டில் துவண்டு கிடக்கும் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். அடைக்கல அன்னை உங்கள் இல்லத்தாரைக் காத்தருள்வாராக.